மஞ்சள் வைனில் வெந்தய வாசம்

அந்த வைனில் வெந்தயம் மணந்தது. அதை இன்றும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அதற்குப் பிறகு நான் சொன்னவற்றில் எதை நம்பிச் சொன்னேன், எதை நம்ப விரும்பிச் சொன்னேன் என்றுதான் எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இத்தாலியில், பலெர்மோ நகரின் கால்சாப் பகுதியில், ஒரு முதிய சின்யோராவின், அதாவது எஜமானியம்மாவின், வீட்டில் பதினொரு வருடம் வேலை செய்தேன். மேசை போடுவதும் பரிமாறுவதும் வைன் போத்தல்களைப் பார்ப்பதும் என் பொறுப்பு. சமையலுக்கு மன்னார்ப் பெண் ஒருத்தி இருந்தாள். நான் யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்தவன் என்பதால் என்னை மாஸ்டர் என்பாள். காலையில் வந்ததும், “மாஸ்டர், உங்கடை சின்யோரா இண்டைக்கு எந்த முகத்தோடை எழும்பினவ?” என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

போன மாரியில் சின்யோராவின் மைத்துனர் பிரான்சிலிருந்து வந்தார். தன் ஊரான ஜூராவின் மஞ்சள் வைன் ஒரு போத்தல் கொண்டுவந்தார். காலையிலேயே திறந்து வைக்க வேண்டும், குளிரூட்டக் கூடாது, மாலை விருந்தில் காட்டுக் காளானும் கிரீமும் சேர்த்த கோழியோடு பரிமாற வேண்டும், மிச்சத்தை நாட்பட்ட சீஸோடும் அக்ரூட்டோடும் குடிக்கலாம் என்று சொன்னார். திறந்த போத்தலைச் சமையலறை மேசையில் வைத்தேன். மத்தியானம் அவள் அதன் பக்கத்தில் இருந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டாள்.

நாலு மணிக்கு வைனைக் கண்ணாடிச் சாடியில் ஊற்றினேன். மற்றப் போத்தல்கள் சாடியின் கழுத்துவரை வரும். இது கழுத்துக்கு இரண்டு விரல் கீழேயே நின்றுவிட்டது. மூக்கை வைத்துப் பார்த்தேன். வறுத்த வெந்தயம். எங்கள் கறித்தூள் டப்பாவைத் திறந்தது போலிருந்தது.

அவள் நாலடி தள்ளிக் கோழி வதக்கிக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தாண்டிச் சின்யோராவிடம் போனேன். வைன் குறைந்திருக்கிறது, கறிக்கை பட்ட மணமும் இருக்கிறது என்றேன். அவள் குடித்திருப்பாள் என்றேனா, குடித்தாள் என்றேனா, நினைவில்லை.

சின்யோரா அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். இல்லை என்றாள். சமையலை முடித்துவிட்டுப் போகலாம், நாளை முதல் வர வேண்டாம் என்றார். சமையல் முடிந்ததும் அவள் ஏப்ரனைக் கழற்றி மடித்துக்கொண்டே என்னிடம் வந்தாள்.

“மாஸ்டர், அடுத்த மாசம் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கவேணும். வேலைப் பேப்பர் இல்லாட்டி குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலை வாசலோடையே திருப்பிப்போடுவாங்கள்.”

வதிவிட அனுமதிக்கு அந்த வேலை ஒப்பந்தம் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியாததல்ல.

விருந்தில் மைத்துனர் கிளாஸை முகர்ந்து கண்ணை மூடினார். “இதுதான்! அக்ரூட், அதன் பின்னால் கறி மசாலா!” என்றார். பிறகு சின்யோராவுக்கு விளக்கினார். ஆறு வருடத்துக்கு மேல் பீப்பாயில் கிடக்குமாம். குறையக் குறைய நிரப்ப மாட்டார்களாம். மேலே ஈஸ்ட் ஆடை போலப் படருமாம். வெந்தயத்தில் மணக்கும் அதே பொருள் வைனுக்குள்ளும் உண்டாகுமாம். பீப்பாயில் ஆவியானதன் அடையாளமாகப் போத்தலையே சிறிதாகச் செய்கிறார்களாம். இரசாயனம் படிப்பித்தவன் கோழித் தட்டோடு பின்னால் நின்றேன். போத்தலில் அளவு அச்சடித்திருந்தது. நான் அதை வாசிக்கவில்லை.

சாடியின் அடியில் கிடந்ததைச் சமையலறையில் குடித்துப் பார்த்தேன். நிறத்தைப் பார்த்து இனிக்கும் என்று நினைத்தேன். துளியும் இனிக்கவில்லை. புளிப்பும் ஒருவித உப்பும். விழுங்கிய பின்னும் நெடுநேரம் நாக்கை விட்டுப் போகவில்லை. அவள் சமைத்த கோழியில் ஒரு துண்டு வாயில் போட்டதும் அந்தக் கூர்மை அடங்கி, இரண்டும் ஒன்றுக்கொன்று பிறந்தவை போல இருந்தன.

ஒன்பது நாள் வாய் திறக்கவில்லை. என் வேலை போய்விடும் என்ற பயமா? சின்யோரா அவளைப் புகழத் தொடங்கியிருந்தது பிடிக்கவில்லையா? அவள் எப்படியும் ஒரு வாய் குடித்திருக்கலாம் என்றுகூட ஒருநாள் நினைத்தேன்.

பத்தாம் நாள் சின்யோராவிடம் உண்மையைச் சொன்னேன்.

“மேசையிலேயே எனக்கும் விளங்கியது. நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்” என்றார் சின்யோரா. தெரிந்தும் அவர் ஏன் அவளைக் கூப்பிடவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. கேட்கும் தகுதியும் எனக்கு இருக்கவில்லை. “போய்க் கூட்டி வாருங்கள்” என்றார்.

பல்லரோ சந்தையில் ஒரு மரக்கறிக் கடையின் பின்பக்கம், பேப்பர் இல்லாத கூலிக்கு வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கையை நிறுத்தாமல் கேட்டாள்.

“கறிக்கை எண்டு சொன்னனீங்களாம். வெள்ளைக்காரர் சொன்னாப் பரவாயில்லை. அண்டைக்கு அந்தக் குழம்பிலை நீங்களும் வாங்கிச் சாப்பிட்டனீங்கள்தானே, மாஸ்டர்?”

“ஓம்” என்றேன்.

சாப்பிட்டேன். இங்கே எழுதும்போதும் அதை விட்டுவிட்டுத்தான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். வேண்டுமென்றே விட்டேனா, தெரியவில்லை.

“வாறன். பேப்பருக்காக வாறன். ஆனா நீங்கள் அங்கை நிண்டா வரமாட்டன்.”

மறுநாள் காலையில் வேலையை விடுகிறேன் என்று சின்யோராவிடம் சொன்னேன். அவளுக்கு ஒப்பந்தம் அன்றே கையெழுத்தாக வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். சம்மதித்தார். நீங்கள் ஏன் போகிறீர்கள் என்று கேட்டார்.

முழங்கால் வலி என்றேன். அவர் ஒரு மருந்தின் பெயரை எழுதித் தந்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.