களைப்பு என்று சொன்ன துணை விமானியுடன் மொன்றியலில் ஒரு வாரம்

போன வருடம், 2008 மே கடைசியில், நானும் தம்பியும் ஒரு வாரம் மொன்றியலுக்குப் போய் வந்தோம். அங்கே என் தங்கை றெஜினாவின் மகள் மெலனிக்கு முதல் நன்மை, அதாவது கோவிலில் முதன்முறையாக நற்கருணை வாங்கும் நாள். சுவிஸிலிருந்து கனடா போக நினைப்பவர்கள் எல்லோரும் ரொறன்ரோவைப் பற்றியே விசாரிக்கிறார்கள், மொன்றியலைப் பற்றித் தமிழில் எழுதியவர்கள் குறைவு. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டு போகையில் ஊர் சின்னதாகி, தம்பியின் கதை பெரிதாகிவிட்டது. அவனிடம் கேட்டுவிட்டே போடுகிறேன். அவன் வேலை செய்த நிறுவனத்தின் பெயரோ நாடோ இதில் இருக்காது.

தம்பி யூட்டுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. ஐரோப்பாவில் ஒரு சின்ன விமான நிறுவனத்தில் துணை விமானி. "தம்பி பைலட் எல்லே, உங்களுக்கு ரிக்கற் சும்மாதானே" என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. உண்மையில் அவன் அந்த நிறுவனத்தின் ஊழியனே இல்லை. இடையில் ஒரு முகவர் அவனை ஒப்பந்தத்தில் எடுத்து அவர்களுக்குக் கொடுத்திருந்தார். பறந்த மணித்தியாலங்களுக்கு மட்டும்தான் சம்பளம். காய்ச்சலில் படுத்தாலும் விடுமுறை எடுத்தாலும் ஒன்றும் வராது. மொன்றியலுக்கு என்னைப் போலவே முழுக் காசு கொடுத்துத்தான் வந்தான்.

சூரிச்சிலிருந்து நேர் விமானம், எட்டரை மணித்தியாலத்துக்குக் கிட்ட. பகலில் புறப்பட்டு, அங்கேயும் பகலிலேயே இறங்குவீர்கள். ஜன்னல் ஆசனம் எடுத்தால் கடைசி அரை மணித்தியாலம் பெரிய ஆற்றைப் பார்த்துக்கொண்டே இறங்கலாம். யூட் எதையும் பார்க்கவில்லை. சாப்பாடு வரும் முன்பே நித்திரையாகி, சக்கரம் தரையைத் தொட்டபோதுதான் எழும்பினான். வேலைக் களைப்பு என்று நினைத்து நானும் எழுப்பவில்லை.

விமான நிலையம் டோர்வலில் இருக்கிறது. றெஜினாவின் கணவர் அன்ரன் அங்கேயேதான் வேலை, பயணப் பெட்டிகளை விமானத்தில் ஏற்றி இறக்குவது. வேலை முடிந்த கையோடு எங்களை ஏற்றிக்கொண்டார். கர்க்லாண்டில் உள்ள வீட்டுக்குக் காரில் கால் மணித்தியாலம்தான். யாரும் கூட்டிப் போக வராவிட்டால் பஸ் இருக்கிறது. அப்போது 2 டொலர் 75 சதம், சில்லறையாக வைத்திருக்க வேண்டும், சாரதி மிச்சம் தரமாட்டார். வாசலில் நின்ற மெலனி "போன்ஜூர் பெரியம்மா" என்றாள். நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் பிரெஞ்சில் பதில் சொன்னாள். எனக்கு ஜெர்மன்தான் வரும். இருவரும் சிரித்தே சமாளித்தோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது புதன்கிழமை. நன்மை ஞாயிற்றுக்கிழமை. திரும்பும் விமானம் அடுத்த செவ்வாய் மாலை. யூட்டுக்கு வெள்ளிக்கிழமைதான் மறுபடி வேலை.

வந்து மூன்றாம் நாள் காலை, நாங்கள் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யூட்டின் போன் அடித்தது. எழும்பி வெளியே போய்ப் பேசினான். திரும்பி வந்தவனின் முகத்தைப் பார்த்து, "என்ன?" என்று றெஜினா கேட்டாள்.

"கொம்பனியில ஒரு பைலட் வேலையை விட்டிட்டுப் போயிட்டாராம். நாளைக்குப் பின்னேரமே பிளேன் ஏறி வரட்டாம். திங்கள் விடிய அஞ்சு மணிக்கு நான் வேலைக்கு நிக்கவேணும்."

"அப்ப நன்மை?"

"நாளைக் காலமை மறுமொழி சொல்லவேணும், சின்னக்கா. ஒப்பந்தம் ஜூனில முடியுது. அதையும் ஞாபகப்படுத்தினவை."

அன்று பின்னேரம் கேக் எடுக்க லவாலுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே ஒரு தமிழ் அம்மா வீட்டில் கேக் செய்து கொடுக்கிறார். றெஜினா தன் காரைத் தந்து, "பெருந்தெருவால போகாதேங்கோ, இல்-பிசாருக்குள்ளால போய் மிதவையில கடவுங்கோ, வடிவாயிருக்கும்" என்றாள். இது உங்களுக்கும் நல்ல யோசனை. இல்-பிசார் ஒரு அமைதியான தீவு, பெரிய மரங்களும் தனித்தனி வீடுகளும். அதன் வடக்குக் கரையில் சில கார்களை மட்டும் ஏற்றக்கூடிய சின்ன மிதவை ஒன்று ஆற்றைக் கடந்து லவாலுக்குப் போகிறது. குளிர்காலத்தில் ஓடாது. கார் ஒன்றுக்கு நான்கு டொலர் கொடுத்ததாக ஞாபகம்.

யூட்டைக் காரை ஓட்டச் சொன்னேன். "நீங்களே ஓட்டுங்கோ அக்கா, எனக்கு நம்பிக்கையில்லை" என்றான். விமானம் ஓட்டுகிறவன் கார் ஓட்டப் பயப்படுகிறான் என்று நான் பகிடி பண்ணினேன். அவன் சிரிக்கவில்லை.

மிதவை அக்கரையில் நின்றது. காத்திருந்தபோது ஆற்றைப் பார்த்தபடியே சொன்னான்.

"மாசியில ஒரு நாள் நாங்கள் ரெண்டு பேரும் நித்திரையாப் போனம்."

"ஆர் ரெண்டு பேர்?"

"நானும் கப்டனும்."

எனக்கு உடனே விளங்கவில்லை. "ஹோட்டலிலயோ?" என்று கேட்டேன்.

"மேல, அக்கா. பறக்கேக்க."

பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னான். தொடர்ந்து ஐந்து நாள் விடியற்காலை வேலை. தங்கியிருந்த வீட்டில் இவனைப் போல இன்னும் மூன்று பேர், ஆளாளுக்கு ஒரு நேரத்தில் அலாரம் அடிக்கும். ஐந்தாம் நாள் நான்காவது பறப்பு. பத்து நிமிடம் கண்ணை மூடட்டுமா என்று கப்டன் கேட்டார். முறைப்படி ஒருவர் விழித்திருந்தால் அப்படிச் செய்யலாமாம். யூட் சரி என்றான். அடுத்து அவனுக்கு நினைவிருப்பது, தரைக் கட்டுப்பாட்டிலிருந்து அவர்களுடைய விமான இலக்கத்தைத் திரும்பத் திரும்பக் கூப்பிடும் குரல். பக்கத்தில் கப்டனின் தலை தொங்கியிருந்தது.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"தெரியாது. அதுதான் என்னால மறக்க ஏலாமல் கிடக்கு. தெரியாது."

பின்னால் நூற்றுக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். பத்திரமாக இறங்கினார்கள், நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். "ஒருத்தருக்கும் சொல்லாத, எனக்கு ரெண்டு பிள்ளையள்" என்று கப்டன் இவனைக் கேட்டுக்கொண்டார். இவனும் சொல்லவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு முறை விமானத்தை இறக்கும்போதும் நித்திரை வராமலிருக்கக் கன்னத்தின் உட்பக்கத்தைக் கடித்துக்கொண்டு இருப்பானாம்.

மிதவை வந்தது. கம்பிவடத்தைப் பிடித்தபடி நகர்கிற தட்டையான பலகை, அவ்வளவுதான். கடக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வடிவாகத்தான் இருந்திருக்கும். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது அன்ரனுக்கும் றெஜினாவுக்கும் யூட்டே சொன்னான். அன்ரன் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். பிறகு, "எல்லாரும் களைச்சுத்தான் வேலை செய்யினம். வேலை போனா பேந்து ஆர் உன்னை எடுக்கிறது?" என்றார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. அவரை வேலையிலிருந்து இரண்டு முறை நிறுத்தியிருக்கிறார்கள். கைக்குழந்தையோடு ஒரு குளிர்காலம் முழுவதும் வேலை தேடி அலைந்தவர்.

"ஞாயிறு காலமை அங்க இறங்கினா, திங்கள் விடியும்வரைக்கும் ஓய்வுதானே?" என்றும் கேட்டார்.

"கணக்குப்படி ஓய்வுதான் அத்தான். பிளேனில கொள்ளுற நித்திரை நித்திரையே இல்லை. அங்க விடிய அஞ்சு எண்டால் இஞ்ச இரவு பதினொண்டு. சட்டம் மணித்தியாலத்தை எண்ணுது, நான் நித்திரை கொண்டனோ எண்டு கேக்கிறேல்லை."

நான் முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்கிறவள். களைப்பில் ஒரு தேநீர்க் கோப்பையைத் தவறவிட்டிருக்கிறேன். "போகாதடா" என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் அவனுக்குச் சம்பளம் நான் கொடுப்பதில்லை.

மறுநாள் காலை குசினியில் நின்றே யூட் போன் எடுத்தான். ஆங்கிலத்தில் பேசினான். இரண்டு நாளாகக் கேட்டதைவிடக் குரல் அமைதியாக இருந்தது. வர முடியாது, திங்கள் பறக்க முடியாத அளவு களைப்பாக இருக்கிறேன், வெள்ளிக்கிழமை சொன்னபடி வருவேன் என்றான். மறுமுனையில் இருந்தவர் ஏதோ நீளமாகச் சொன்னார். யூட் மீண்டும் அதையே சொல்லிவிட்டு வைத்தான்.

"என்னவாம்?" என்றேன்.

"சுகமில்லை, வருத்தம் எண்டு போடட்டோ எண்டு கேட்டவர். அப்பிடியெண்டால் பிரச்சினையில்லையாம். எனக்கு வருத்தம் ஒண்டுமில்லை, களைப்பு எண்டே போடுங்கோ எண்டிட்டன்."

அன்ரன் தேநீரை முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

ஞாயிறு நன்மை நன்றாக நடந்தது. கோவிலில் பாதிப் பாட்டு தமிழில், பாதி பிரெஞ்சில். மெலனி எல்லாவற்றையும் பிழையில்லாமல் சொன்னாள். பிறகு வீட்டில் எழுபது பேருக்குச் சாப்பாடு. யூட் கீழ்த்தளத்து சோபாவில் சும்மா சாய்ந்தவன் அப்படியே நித்திரையாகிவிட்டான். பிள்ளைகள் அவனைச் சுற்றி ஓடிக் கத்தினார்கள், ஒரு பந்து அவன் தோளில் பட்டு விழுந்தது. அவன் அசையவே இல்லை. நானும் அன்ரனும் படியில் நின்று பார்த்தோம். அன்ரன் கீழே இறங்கிப் போய்ப் பந்தை எடுத்தார். பிறகு பிள்ளைகளை மேலே கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்தினார். யூட் எழும்பியது மறுநாள் காலை.

செவ்வாய் மாலை விமான நிலையத்தில் பெட்டிகளை இறக்கித் தந்தபோது அன்ரன் யூட்டிடம் சொன்னார்: "நீ செய்தது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது. ஆனா நீ ஓட்டிற பிளேனில நான் பிள்ளையை ஏத்துவன்."

ஜூனில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணமும் சொல்லவில்லை. யூட் ஒன்பது மாதம் சூரிச்சில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் நின்றான். இந்த வருடம் மார்ச்சில் சரக்கு விமானம் ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கேயும் இரவுப் பறப்புத்தான். ஆனால் களைப்பு என்று அவன் ஒரு முறை சொன்னபோது வேறு ஆளைப் போட்டார்களாம், கேள்வி கேட்கவில்லையாம். நல்லபடி முடிந்தது என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கப்டன் இன்னும் பழைய இடத்தில்தான் பறக்கிறார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மே மாதக் கடைசியிலும் மாலையில் குளிரும், ஒரு ஜாக்கெட் வேண்டும். கடையில் போட்டிருக்கும் விலைக்கு மேல் வரி வரும். டெப்பனர் என்று சொல்லும் மூலைக்கடைகளில் பஸ்ஸுக்குச் சில்லறை மாற்றலாம். மிதவை ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு இல்-பிசாருக்குப் போங்கள், ஆற்றில் தண்ணீர் கூடினால் நிறுத்திவிடுவார்கள்.

இன்னும் ஒன்று. விமானிகளின் வேலை நேரம் முடிந்துவிட்டது, விமானம் தாமதமாகும் என்று அறிவித்தால், கவுண்டரில் நிற்கும் பிள்ளையிடம் சத்தம் போடாதீர்கள். ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு இருங்கள். உங்களை ஏற்றிப் போக வேண்டிய யாரோ ஒருவர் அந்த நேரத்தில் எங்கோ படுத்திருக்கிறார். அவர் நன்றாக நித்திரை கொள்ளட்டும்.