கீமாவின் அடியில் நொய்யரிசி

என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் சகலை, பண்டமாரானில் இருந்த தன் வீட்டு ஹாலில் நாலடி நீளத்துக்குக் கடல்நீர்த் தொட்டி வைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மீன் வளர்ப்பைப் பற்றிப் புத்தகம் புத்தகமாகப் படித்தவன் நான். தொட்டி அவர் வீட்டில். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வாடகை அறையில் கட்டில் போட்டால் நடக்க இடமில்லை.

அதைவிட எரிச்சல், அவர் என்னை மதித்தார். கடைக்காரன் கொடுக்கும் பவளப்பாறைத் துண்டுகளில் ஒட்டிக்கொண்டு குட்டி நத்தைகள் ஓசியில் வந்து இறங்கும். ஞாயிறுதோறும் மனைவியோடு பஸ் ஏறிப் போய், பூதக்கண்ணாடியுடன் தொட்டி முன்னால் குந்துவேன். கறுப்புக் கோடு போட்ட உருண்டை நத்தை பாசி மேயும், இருக்கட்டும். முன்னால் தும்பிக்கை மாதிரி குழாயை நீட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் மாமிசம் தின்னி, எடுத்துப் போடு. "எங்க சகல பாத்துச் சொன்னாத்தான் உள்ள விடுவேன்லா" என்று விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்வார். அவர்கள் என்னை எங்கே பார்த்தார்கள், தொட்டியைத்தான் பார்த்தார்கள்.

பிறகு கீமா வந்தது. நீல வெல்வெட் உதடு விரித்த பெரிய சிப்பி. "அக்கா வீட்டுல உக்காந்தா எழுந்திரிக்கவே மனசு வரல" என்றாள் மனைவி. பஸ் முழுக்க அதே பேச்சு.

அடுத்த ஞாயிறு கீமாவின் அடியில் நொய்யரிசி அளவில் நாலைந்து வெள்ளை நத்தைகளைக் கண்டேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சிப்பியின் சதையில் குழாய் செருகி உறிஞ்சிக் கொல்லும் ஜாதி.

"அது என்ன சகல?" என்று அவரும் குனிந்து பார்த்துக் கேட்டார்.

"பாசி தின்றதுதான். இருந்துட்டுப் போகட்டும்."

சொல்லும்போது வாய் கூசவில்லை.

மூன்று வாரத்தில் கீமா, தொட்டால்கூட மூடாமல் பிளந்து கிடந்தது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று, நான் அண்ணி என்று கூப்பிடும் மனைவியின் அக்கா உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்து வந்தார். கடல்தண்ணீருக்கே உப்புச் சுற்றுவதா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் சகலை என் கையைப் பிடித்து இழுத்தார்.

"நீங்களும் நில்லுங்க சகல. உங்க அறிவு மேலயும் நாலு பேர் கண்ணு பட்டிருக்கும்."

அண்ணி என் தலையையும் சேர்த்துச் சுற்றினார். "ஊரு கண்ணு, உறவு கண்ணு..."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பழைய பல் பிரஷ் கேட்டு வாங்கி, சட்டையோடு தொட்டிக்குள் கையை விட்டு, கீமாவை வெளியே எடுத்துத் தேய்த்தேன். பெருகிப்போயிருந்த வெள்ளை நத்தைகள் கொத்துக்கொத்தாகக் கை கழுவும் பேசினில் உதிர்ந்தன. சகலை ஒன்றை விரல்நுனியில் எடுத்துப் பார்த்தார்.

"இது அன்னைக்கு நான் கேட்டதுதானே சகல?"

"ஆமா."

விரலை உதறிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். பின்கட்டில் கரி நெருப்பில் போட்ட மிளகாய் நெடியே அடிக்கவில்லை. "பாத்தியாடி, எவ்வளவு பெரிய கண்ணு" என்று அண்ணி தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை கீமா செத்தது. சகலை அண்ணியிடமோ என் மனைவியிடமோ இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனால் கோப்பி கொடுப்பார். அதற்கப்புறம் ஒரு நத்தையைக்கூட என்னிடம் காட்டிக் கேட்டதில்லை.