கறுப்பு நூலில் கோத்த முத்துமாலை

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு மாடிவீட்டின் பின்னறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: அம்மா, அக்கா, நான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நான்கு மாதம். அக்காவுக்குக் கனடாவில் மாப்பிள்ளை சரிவந்திருந்தது. படம் ஒன்று அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். "பிள்ளையின்ர கழுத்து வெறுமையா இருக்கக்கூடாது, என்ன?" என்று மாப்பிள்ளையின் தாய் தொலைபேசியில் சொல்லிவைத்தார். எங்கள் நகைகளோ ஊரில் கிணற்றடி மண்ணுக்குள் கிடந்தன. அம்மா புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போய்ப் பொய்முத்து ஒரு பையும் வெள்ளை நூல் ஓர் உருண்டையும் வாங்கிவந்தார்.

கோக்கிற வேலை என்னுடையது. எனக்குப் பதினாறு வயது. தெரியாத வேலைக்கும் முதல் ஆளாகக் கையை நீட்டுகிற சாதி. ஒரு முத்தைக் கோத்ததும் அதை ஒட்டி ஒரு முடிச்சுப் போட வேண்டும், பிறகுதான் அடுத்த முத்து. அப்போதுதான் நூல் அறுந்தாலும் ஒரு முத்தோடு போகும். முடிச்சு இறுகுவதற்கு முன் ஊசியை அதற்குள் விட்டு, முத்தின் அடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கொஞ்சம் தள்ளி விழுந்தால் முடிந்தது கதை, அவிழ்க்கவும் வராது. இது எனக்குப் பிடிபடுவதற்குள் வெள்ளை நூல் முழுவதும் சிக்குப்பட்டுக் குப்பைக்குப் போய்விட்டது.

திரும்பவும் புறக்கோட்டைக்குப் போவதென்றால் வழி நெடுகச் சோதனைச்சாவடி. அம்மாவின் தையல் பெட்டிக்குள் கறுப்பு நைலோன் நூல் கிடந்தது.

"முத்துக்குள்ள போற நூல்தானே, ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

மலிவு முத்து, ஓட்டை பெரிது. ஒற்றை நூலில் போட்ட முடிச்சு உள்ளே வழுகிப் போனது. அதனால் மூன்று இழையை ஒன்றாக முறுக்கி, மெழுகுதிரியில் இழுத்து விறைப்பாக்கினேன். அளவு பார்க்க அந்த வெறும் நூலை அக்காவின் கழுத்தில் கட்டினேன். அக்கா கண்ணாடிக்கு முன்னால் நின்று, "இன்னும் ஒரு விரல் இறங்கட்டும், உன்ர கஞ்சத்தனத்தை இதிலயும் காட்டாத" என்றாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார்கள்.

பகல் பதினொரு மணி. வீடு வீடாகச் சோதனைக்கு வந்த பொலிஸ். அக்காதான் போய்த் திறந்தாள், கழுத்தில் நூலோடு.

அந்த நாட்களில் கழுத்தில் கறுப்பு நூல் என்றால் என்ன அர்த்தமென்று நாட்டில் எல்லோருக்கும் தெரியும். இயக்கத்துப் பிள்ளைகள், பிடிபட்டால் கடிக்கிற சயனைட் குப்பியை அப்படித்தான் கட்டியிருப்பார்கள். ஊரில் எங்கள் வீட்டு வாசலாலேயே அந்தக் கழுத்துகள் சைக்கிளில் போய்வருவதைப் பார்த்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த ஒரு மணித்தியாலம் மறந்துபோனேன். மின்விசிறிக்குக் கீழே இருந்து மாலை கோக்கிற ஒரு பெட்டையாக மட்டும் இருந்துவிட்டேன். அதற்காக என்னை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

முன்னால் நின்றவர் நூலுக்குக் கீழே விரலை விட்டு இழுத்தார். "மேக்க மொக்கத?" இது என்னவென்று கேட்டார். சிங்களம் தெரியாத அக்கா பயத்தில் சிரித்தாள். அடுத்த கேள்வி தமிழில் வந்தது: "குப்பி எங்க?"

"மாலைக்கு சேர், கலியாணப் படத்துக்கு" என்று நான் முத்துப் பையைத் தூக்கிக் காட்டினேன். தூக்கிய வேகத்தில் பை சரிந்து முத்தெல்லாம் தரையில் ஓடியது. அவர்கள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அக்காவைக் கொண்டுபோனார்கள்.

அது எந்தப் பொலிஸ் நிலையம் என்று எழுத எனக்கு மனமில்லை. நான்கு நாள் அம்மாவும் நானும் அதன் வாங்குப் பலகையில் இருந்தோம். கட்டிலுக்குக் கீழே தவழ்ந்து பொறுக்கிய முத்துகளும் ஊசியும் மிச்ச நூலும் என் மடியில் இருந்தன. ஒவ்வொரு நாளும் ஒரு புதிய அதிகாரி. ஒவ்வொருவருக்கும் முதலில் இருந்து சொல்லி, ஒவ்வொருவருக்கும் முன்னால் சில முத்துகளைக் கோத்து முடிச்சுப் போட்டுக் காட்டினேன். பார்த்தார்கள், போனார்கள். உள்ளே அக்கா இருமுவதுபோல ஒரு சத்தம் இரண்டு தடவை கேட்டது. அம்மா என் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நீ கோ" என்றார்.

நான்காம் நாள் முத்துமாலை கோத்து முடிந்துவிட்டது. கடைசி முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண் பொலிஸ் ஒருத்தி அதை வாங்கித் தன் கழுத்தில் போட்டு, யன்னல் கண்ணாடியில் பார்த்தாள். "லஸ்ஸனய்" என்றாள். வடிவாம். அவள் திருப்பித் தரவில்லை, நான் கேட்கவுமில்லை. கொஞ்ச நேரத்தில் அக்கா வெளியே வந்தாள். கழுத்தைச் சுற்றி ஒரு சிவந்த கோடு. என்ன நடந்ததென்று அவள் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

நாங்கள் வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோது அந்தப் பெண் வேலை முடிந்து எங்களைக் கடந்து போனாள். முத்துகளுக்கு இடையில் என் கறுப்பு முடிச்சுகள் ஒவ்வொன்றும் நன்றாகத் தெரிந்தன. எதிரே சோதனைச்சாவடியில் நின்றவன் அவளைப் பார்த்துச் சிரித்து வழிவிட்டான்.

அடுத்த வருடம் அக்கா கனடாவுக்குப் போனாள். கலியாணம் நடந்த அன்றைக்கே மாப்பிள்ளையின் தாய் தொலைபேசி எடுத்தார். மாப்பிள்ளை தாலி கட்டக் கையைக் கொண்டுபோக, அக்கா இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டாளாம். சபையே சிரித்ததாம். "சரியான வெட்கம் உங்கட மகளுக்கு" என்றார்.

"ஓம்," என்றார் அம்மா. "அவள் சின்னனிலயிருந்தே அப்பிடித்தான்."