கல்லுத்தீவு மிஷினை எரித்தவர் நாகலிங்கத்தார் அல்லர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிளாங் பாசாரில் நான் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கோலாலம்பூர் ரயிலில் வந்திறங்கிய ரயில்வே ஆள் ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

“அக்கா, பிரிக்பீல்ட்ஸ் பிட்டரு ஐயா விடியக்காலையில போய்ட்டாரு. சாயந்தரம் எடுக்கிறாங்களாம். ஒங்களுக்குச் சொல்லச் சொல்லி அவரு மக அனுப்பிச்சாங்க.”

நான் வாய் திறப்பதற்குள் மீன்காரர் கேட்டார்: “யாரு, கல்லுத்தீவு மிஷின எரிச்சாரே, அந்த பிட்டரா?”

எடை போட்ட மீனை அப்படியே விட்டுவிட்டு ரயிலடிக்கு நடந்தேன். இருபது வருஷமாக மீன் வாங்கிய கடை. இனி அந்தப் பக்கம் போக மாட்டேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு ஒரு சிறு புத்தகம் அச்சிடுகிறோம், நீங்களும் எழுதித் தாருங்கோ என்று நாகலிங்கத்தாரின் மகள் பராசக்தி கேட்டார். எழுத்தில் பிழை இருந்தால் அச்சுக்காரர் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததை யாரும் திருத்த வேண்டாம். அந்த மீன்காரர் சொன்ன சொல்லைக் கிளாங்கிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இருபத்துநாலு வருஷமாகப் பலர் சொல்லி வருகிறார்கள். அது பொய். பொய் என்று தெரிந்த ஆள் உயிரோடு நான் ஒருத்திதான்.

கல்லுத்தீவு கிளாங் ஆற்று முகத்துக்கு வெளியே இருக்கிறது. என் புருஷனும் அவருடைய அண்ணனும் அங்கே கல் உடைத்தார்கள். அண்ணனை இதில் மூத்தார் என்றே எழுதுகிறேன், பெயர் எழுத மனமில்லை. மலையில் வெட்டிய கல்லை ஆண்கள் சம்மட்டியால் உடைப்பார்கள். பெண்கள் நாங்கள் கைச்சல்லடையில் போட்டுச் சலிப்போம். மோட்டார் வண்டிகள் பெருகத் தொடங்கிய காலம் அது. ரோடு போடும் இலாகாவுக்கு ஒரே அளவான கல் வேண்டியிருந்தது. பெரியது, நடுத்தரம், பொடி என்று மூன்று அளவில், அவர்கள் கேட்கும் வேகத்தில் கொடுக்க எங்கள் கைகளால் முடியவில்லை. மிஷின் வாங்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் என் புருஷன்தான். வாங்கும் முன்னே பாறை சரிந்து போய்விட்டார். எனக்கு அப்போது வயது இருபத்துநாலு. கையில் இரண்டு வயதுப் பெண் குழந்தை.

மூத்தார் மிஷின் வாங்கினார். வாங்கிய கையோடு என்னிடம் ஒன்று சொன்னார்: “தாலியறுத்தவ அந்த மிஷின் பக்கம் வரக் கூடாது. ஏதாச்சும் கெட்டது நடந்துச்சு, அடுத்த கப்பல்ல நீயும் ஒன் புள்ளயும் ஊருக்குப் போயிரணும்.”

ஊரில் எனக்கு யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் அப்படிச் சொன்னார்.

மிஷினைப் பொருத்தக் கோலாலம்பூர் ரயில்வே பட்டறையிலிருந்து இரண்டு மாத லீவில் வந்த பிட்டர் நாகலிங்கத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த உருவம். ஒரு தகரப் பெட்டியும் ஒரு கறுப்புக் குடையுமாகப் படகிலிருந்து இறங்கினார். மிஷினின் பெரிய இரும்பு உடல் தொங்கான் என்ற சரக்குப் படகில் வந்தது. பௌர்ணமிக் கடல் பெருக்கில்தான் அந்தக் கனத்தைக் கரையேற்ற முடியும். நாகலிங்கத்தார் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு தம் பெட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். கல்லுடைக்கிற ஆட்கள் சும்மா விடுவார்களா?

“பாருங்கடா, கொட புடிச்சிக்கிட்டு இரும்பு தூக்க வந்திருக்காரு!”

“ஐயாவுக்கு வெயிலு ஆகாது லா.”

“குடை எனக்கில்லைத் தம்பி. இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறதுக்கு உப்புத் தண்ணி ஆகாது. நீங்கள் நனைஞ்சால் துருப்பிடிக்க மாட்டியள்” என்றார் அவர்.

சிரித்தார்கள். அடுத்த நிமிஷமே சிரிப்பு நின்றது. தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. மூத்தார் “இழுங்கடா, இழுங்கடா” என்று கத்துகிறார். தொங்கானிலிருந்து கரைக்குப் போட்டிருந்த பலகை வளைவதை நாகலிங்கத்தார் பார்த்துவிட்டார். “பொறுங்கோ! இன்னும் ரெண்டு மரம் முட்டுக் குடுக்காமல் ஒருத்தரும் இழுக்கக் கூடாது” என்று இழுக்கிற சங்கிலியின் குறுக்கே போய் நின்றுவிட்டார். மூத்தார் திட்டினார். இவர் நகரவில்லை. முட்டுக் கொடுத்த பிறகு இழுத்தார்கள். மிஷின் கரையேறிய மறுகணமே அந்தப் பலகை முறிந்து தண்ணீரில் விழுந்தது. முட்டு இல்லாமல் இழுத்திருந்தால் கீழே நின்ற நாலு பேரும் இன்று இல்லை. அதற்கு மூத்தார் நன்றி சொல்லவில்லை. எல்லார் முன்னிலும் மறித்துவிட்டாரே என்ற கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

பிறகு ஆறு வாரம் பொருத்தும் வேலை. கல்லை மெல்லும் இரண்டு இரும்புத் தாடை, அதன் மேலே கனத்த அச்சு, அச்சைத் தாங்கும் இரண்டு பேரிங், பக்கத்தில் துளை போட்ட நீண்ட உருளைச் சல்லடை, எல்லாவற்றையும் சுற்ற ஓர் எஞ்சினும் பெல்ட்டும். நான் தூரத்தில் கைச்சல்லடையோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். ஆட்களுக்கு அவர் சொன்ன ஒன்று எனக்கு இன்றும் காதில் இருக்கிறது: “பேரிங்கைப் புறங்கையால தொட்டுப் பாருங்கோ. உள்ளங்கை வேலை செய்து காய்ச்சுப் போச்சு, அதுக்குச் சூடு தெரியாது.”

ஒரு வெள்ளிக்கிழமை பூசை வைத்து ஓட்டுவதென்று முடிவாயிற்று. நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை, இலாகாவின் துரை வந்து பார்ப்பார். மிஷின் ஓடி மூன்று அளவுக் கல்லும் சரியாக விழுந்தால் தீவின் குத்தகை எங்கள் குடும்பத்துக்கு. இல்லையென்றால் வேறொருவருக்கு.

இப்போது என் பிழையை எழுதுகிறேன்.

பூசையன்று விடியும் வேளையில் நான் சமையல்கட்டுக்குப் போனேன். மூத்தார் மனைவி அரைத்து வைத்திருந்த சந்தனத்தில் ஓர் உருண்டை எடுத்தேன். இந்த மிஷினுக்கு ஆசைப்பட்டவர் என் புருஷன். அவர் பெயரால் ஒரு பொட்டு வைக்க எனக்கு உரிமை இல்லையா? ஏணியில் ஏறினேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒவ்வொரு பேரிங்கின் உச்சியிலும் வட்டமாக ஒரு சின்னக் குழி இருந்தது. பொட்டு வைப்பதற்காகவே குடைந்தது போலிருந்தது. இரண்டிலும் அழுத்தி வைத்துவிட்டு யாரும் பார்க்கும் முன் இறங்கிவிட்டேன்.

அது எண்ணெய் இறங்கும் துளை என்று எனக்குத் தெரியாது.

எட்டு மணிக்குப் பூசை. ஏணி ஏற முடியாதென்று மூத்தார் மனைவி கீழே சக்கரத்துக்கும் தாடைக்கும் மட்டும் சந்தனம் குங்குமம் வைத்தார். மேலே ஆட்கள் பூவை அள்ளிக் கொட்டினார்கள். நாகலிங்கத்தார் எண்ணெய்க் குவளையோடு ஏணியில் கால் வைத்தார்.

“பூவை ஒருக்கா ஒதுக்கிப் பாத்திட்டு ஓட்டுறன், முதலாளி.”

“யோவ், நல்ல நேரம் முடியப் போவுது! சாமிக்குப் போட்ட பூவ எவனாச்சும் எடுப்பானா? எண்ணெயத்தான் நேத்தே விட்டியேய்யா. ஓட்டு!”

பலகை விஷயத்தில் மறித்தவர், பூ விஷயத்தில் மறிக்கவில்லை. சாமி காரியம் என்று விட்டுக்கொடுத்தார். பூவின் மேலேயே எண்ணெயை ஊற்றிவிட்டு இறங்கினார்.

மிஷின் ஓடியது. முதல் கல் தாடைக்குள் போய் நொறுங்கியபோது பெண்கள் குலவை போட்டார்கள். உருளைச் சல்லடை சுற்றச் சுற்றக் கல் மூன்று குவியலாகப் பிரிந்து விழுந்தது. நாங்கள் பத்துப் பேர் ஒரு நாள் முழுக்கச் சலிப்பதை அது அரை மணியில் சலித்தது. முந்தின நாள் எண்ணெய் உள்ளே மிச்சம் இருந்ததால் அந்த அரை மணி கிடைத்தது. பிறகு கருகல் வாடை வந்தது.

நாகலிங்கத்தார் ஏணியில் பாய்ந்து ஏறினார். புறங்கையை வைத்தார், வெடுக்கென்று எடுத்தார். “நிப்பாட்டுங்கோ! பெல்ட்டைத் தள்ளுங்கோ!” பேரிங்கிலிருந்து புகை கிளம்பியது. உள்ளே வார்த்திருந்த வெள்ளை உலோகம் உருகி, மெழுகு போலச் சொட்டியது.

சத்தம் நின்ற பிறகுதான் அங்கே எத்தனை பேர் நிற்கிறோம் என்பதே தெரிந்தது. மூத்தார் மிஷினைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் திரும்பினார்.

“எவ தொட்டா? சொல்லுங்கடி, எவ மிஷினத் தொட்டா?”

அவர் கண் ஒவ்வொரு முகமாக வந்து என்னிடம் நின்றது. என் ஆள்காட்டி விரல் நகத்துக்குள் சந்தனம் இருந்தது. முந்தானைக்குள் கையை மறைத்தேன். இடுப்பில் என் மகள் அழத் தொடங்கினாள்.

மேலே நாகலிங்கத்தார் பூவை ஒதுக்கி, ஒரு கம்பியால் துளையைக் குத்தினார். கம்பி முனையில் வந்ததை மூக்கருகே வைத்துப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், முந்தானைக்குள் போன கையைப் பார்த்தார். கம்பியைத் தம் எண்ணெய்த் துணியில் துடைத்து, அந்தத் துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“ஒருத்தரும் தொடேல்லை, முதலாளி. எண்ணெய் இறங்கிச்சுதோ எண்டு பாக்காமல் ஓட்டினது நான். என்ர பிழை.”

“சொட்டு எண்ணெய் விடத் தெரியாத நீயெல்லாம் ஒரு பிட்டராய்யா? ஒன்னைய எவன்யா பட்டறையில சேத்தான்?”

மூத்தார் இன்னும் என்னென்னவோ சொன்னார். அவர் தாயை இழுத்துச் சொன்னதை நான் எழுத மாட்டேன், ஆனால் மறக்கவும் இல்லை. நாகலிங்கத்தார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “செவ்வாய்க்கிழமைக்கு ஓடும். எனக்குக் கரியும் துருத்தியும் வேணும், துருத்தி ஊத ஓராளும் வேணும்” என்றார். ஆட்கள் யாரும் அவர் பக்கம் வரவில்லை. நான் எழுந்தேன்.

“நீ ஒக்காரு! அவ போகக் கூடாது.”

“பழுதாக்கினவன் நான். என்னையே கிட்ட விடுறியள். அந்தப் பிள்ளையை ஏன் மறிக்கிறியள்?” என்று கேட்டார் நாகலிங்கத்தார்.

மூத்தார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அப்படித்தான் நான் அந்த மிஷின் பக்கம் போனேன்.

மூன்று பகல் வேலை நடந்தது. அவர் வெள்ளை உலோகத்தை உருக்கி வார்த்தார், அச்சில் கரி பூசிச் சுற்றிப் பார்த்தார், கரி பட்ட மேட்டை உளியால் சுரண்டினார், மறுபடி கரி பூசினார். உளி அவர் விரலைக் கிழித்தது. துணி சுற்றிக்கொண்டு தொடர்ந்தார். இரண்டாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

“ஐயா, அந்தச் சந்தனம்…”

“துருத்தியை ஊதுங்கோ பிள்ளை. சூடு இறங்கினால் வார்ப்பு ஒட்டாது.”

“ஒங்களப் போட்டு இந்தப் பேச்சு பேசுறாங்களே.”

“எனக்குப் போக வீடிருக்கு. பட்டறையில வேலையிருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு? ஊதுங்கோ.”

செவ்வாய்க்கிழமை துரை வந்தார். ஒரு மணி நேரம் ஓடியது, இரண்டு மணி நேரம் ஓடியது. நாகலிங்கத்தார் ஏணியை விட்டு இறங்கவே இல்லை. புறங்கை பேரிங்கிலேயே இருந்தது. நான் சல்லடையடியில் நின்று கல்லைப் பார்க்கவில்லை, அவர் கையைத்தான் பார்த்தேன். கை எடுக்கப்பட்டால் நான் கப்பலேற வேண்டும். கை எடுக்கப்படவில்லை. துரை மூன்று குவியலிலும் கல்லை அள்ளிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

தீவு எங்களுக்குக் கிடைத்தது, நான் தீவில் இருந்தேன், என் மகள் அங்கே வளர்ந்தாள். இன்று பேரப்பிள்ளைகள் ஓடும் வீடும் அந்தக் கல்லில் வந்ததுதான். அவருக்குக் கிடைத்தது மிஷினை எரித்த பிட்டர் என்ற பெயர். மூத்தார் அதைக் கிளாங்கில் கடை கடையாகச் சொன்னார். மிஷின் வாங்கிய வேறு எந்தக் குவாரியும் நாகலிங்கத்தாரை அழைக்கவில்லை. எனக்கு எல்லாம் தெரியும். வாய் திறக்கவில்லை. முதலில் இருப்பிடம் போகுமென்ற பயம், பிறகு மகள் கல்யாணம் கெடுமென்ற பயம். மூத்தாரை நான் மன்னிக்கவில்லை. என்னையும் இந்தக் கணக்கில் விட்டுவிடவில்லை.

வருஷாவருஷம் தைப்பூசத்தில் பத்துமலையில் அவரைக் கண்டுவிடுவேன். பெண்டாட்டி பிள்ளைகளோடு நிற்பார். நலம் விசாரிக்கும் முன் ஒன்றே ஒன்று கேட்பார்:

“மேல் பேரிங் சூடாகுதோ, பிள்ளை?”

“சூடில்லை ஐயா.”

“அப்ப அது காணும், போதும்.”

இரண்டு வருஷத்துக்கு முன் மூத்தார் காலமானார். அடுத்த வாரமே பிரிக்பீல்ட்ஸ் போனேன். “இனி எனக்குப் பயமில்ல ஐயா, எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்” என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் இருக்கும்வரைக்கும் வேண்டாம். பூவை ஒதுக்கிப் பாக்காதது நான்தானே, அது பொய்யில்லை. பிறகு உங்கட விருப்பம்” என்றார்.

என் விருப்பம் இதுதான். எழுதிவிட்டேன்.

போன மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை பகல் நான் பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறைய ஆட்கள். பராசக்தி சந்தனத் தட்டோடு நின்றவர், என்னைக் கண்டதும் தட்டை நீட்டினார். “நீங்களும் வையுங்கோ.” அந்தப் பூசை நாள் விடியலுக்குப் பிறகு நான் சந்தனத்தைத் தொட்டதில்லை. அத்தனை பேர் பார்க்க விரலில் எடுத்தேன், நாகலிங்கத்தாரின் நெற்றியில் வைத்தேன். விரலை எடுக்க மனம் வராமல், அவர் சொன்னபடியே கையைத் திருப்பி, புறங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.

சூடில்லை, ஐயா. போய் வாருங்கள்.