கால் பின்னாத வட்டம்

மங்கின் வீட்டு ஓதெல்லாவைத் தெரியாதவர்கள் எங்கள் தீவில் கிடையாது. இறால் படகு வைத்திருந்த ஐசாயாவின் கடைசிப் பெண். அவளுடைய அண்ணன் ஹெசக்கியா அட்லாண்டாவுக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டார். இவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். ஜெப வீட்டில் வட்டம் கூடினால் முதல் ஆளாக நிற்பவள் அவள்தான். தடி தரையை இடிக்க, சனம் கைதட்ட, பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்துச் சுற்றி வருவாள். காலோடு கால் பின்னக்கூடாது. பின்னினால் அது ஆட்டம், பின்னாதவரைக்கும் ஜெபம்.

அவளுக்கு ஒரே பிள்ளை, லெமுவல். வண்டியை ஓரங்கட்டச் சொன்ன போலீஸ்காரன் அவனைச் சுட்டுக் கொன்றுவிட்டான். யாரோ எடுத்த படத்தை டிவியில் வாரக்கணக்கில் ஓட்டினார்கள். பிள்ளை விழுந்ததை ஊர் உலகமே பார்த்தது. அதோடு ஓதெல்லா டிவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். மகன் முகமுள்ள எந்தப் படத்தையும் அதற்கப்புறம் கையால் தொடவில்லை.

ஹெசக்கியாவின் மகள் ஜெனோபியா நடனக்காரி. பெரிய திரையில் படம் ஓட, முன்னால் அவள் குழு ஆடும். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கட்டிக் கொண்டுவரப்பட்ட எங்கள் முன்னோர்கள், அவர்கள் அடிமைகளாக உழைத்த வயல், ஜெப வீடு, தெருவில் செத்த பிள்ளைகள், எல்லாம் அதில் வரும். தீவில்தான் முதலில் போடவேண்டும் என்று வந்தவள், லெமுவலையும் சேர்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

ஓதெல்லா வெண்டைக்காய் சூப்பைக் கிண்டுவதை நிறுத்தவில்லை. “ரோட்ல கெடந்தானே, அந்தப் படமா? அதப் பாக்காதவன் இன்னும் எவன்டி பாக்கி?”

“அது வேணாம் அத்தை. உசிரோட இருக்கற லெமுவல் வேணும். அவன் உங்ககிட்டதான் இருப்பான்.”

இருந்தான், அலமாரிக்குள் பழைய போனில், அவளே எடுத்த படத்தில். ஒரு வாரம் அவள் அலமாரியைத் திறக்கவில்லை. பிறகு போனைக் கொண்டுவந்து மருமகள் மடியில் வைத்தாள். “மத்த நேரம் எப்படி வேணாலும் குதிச்சுக்கங்க. எம் புள்ள முகம் தெரியறப்ப ஒருத்தர் காலும் பின்னக்கூடாது.”

ஒத்திகையில், ஆட்டம் பழகிய குழுவின் கால்கள் லேசில் கேட்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்த ஜெப வீட்டு டீக்கன் ரூஃபஸ் தாங்கமாட்டாமல், தாளம் இடித்துக் காட்டத் தானே தடியை எடுத்துக்கொண்டார். நெட்டையான ஒருத்தியைப் பார்த்து, “ஏம்மா, ஒன் ரெண்டு காலும் கோர்ட்டுல கேஸ் போட்டிருக்கா? இப்படி அடிச்சுக்குது” என்றார்.

ஞாயிறு மத்தியானம் பள்ளி அரங்கு நிறைந்துவிட்டது. ஓதெல்லா முன்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கால்களை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவதாக அவள் கணக்கு. தடி இடித்தது, பாதங்கள் தேய்ந்து சுற்றின. அப்போது திரையிலிருந்து லெமுவலின் குரல் வந்தது: “போனக் கீழ வைம்மா, மீன் கருகுது.”

அரங்கே சிரித்தது. அவனோடு படித்தவர்கள், மீன் பிடித்தவர்கள், அவனிடம் ஏமாந்தவர்கள், எல்லோரும். அந்தச் சிரிப்பில் அவள் தலை தானாக நிமிர்ந்தது. மீனுக்குப் பிரட்டிய மாவு மூக்கில் ஒட்டியிருக்க, சுவர் உயரத்துக்கு நின்றான் பிள்ளை. வட்டத்தில் நெட்டைக்காரிக்குக் கண் நிறைந்து கால் பின்னிப்போனது. டீக்கன் முறைத்தார். ஓதெல்லா கவனிக்கவே இல்லை.

படம் முடிந்து திரை வெளுத்தது. அவள் எழுந்து நின்று, மேடை ஓரத்தில் இருந்த ஜெனோபியாவிடம் மெதுவாகச் சொன்னாள்:

“இன்னொரு வாட்டி போடுடி.”

டீக்கன் மறுபடி தடியை இடிக்கத் தொடங்கினார்.