தொட்டியில் ஊறாத கோடரி

நப்தலி மலையில் அந்தச் சின்ன ஊரின் வாசலில், பெரியவர்கள் உட்கார்ந்து வழக்குப் பேச ஏழு கற்கள் உண்டு. எட்டாவது கல் பிற்பாடு வந்தது. அதில் உட்கார்ந்தவள் அத்தாராள். பெரிய வீட்டுப் பெண்ணெல்லாம் இல்லை. பதினொரு ஒலிவ மரம், குகைக்குள் ஒரு செக்கு, கொஞ்சம் உப்புக் கூடிய வாய், இவ்வளவுதான் அவள் சொத்து. ஏழு கிழவர்கள் தாமாக எழுந்து அவளுக்குக் கல் போட்டார்கள் என்று நினைத்தால் நீங்கள் அந்தக் கிழவர்களைப் பார்த்ததில்லை.

அந்தக் கல்லுக்கு வழிவைத்த நாள் ஒன்று உண்டு. அன்று காலையில் அவள் புருஷன் சக்கூரும் பக்கத்து வீட்டு ஏலோனும் கர்வாலி மரம் வெட்டப் போனார்கள். ஏலோன் சக்கூரின் கோடரியை ஓங்கினான். அதன் இரும்புத் தலை காம்பை விட்டுக் கழன்று பறந்து சக்கூரின் நெற்றியில் விழுந்தது. ஏலோன் அவனைத் தோளில் சுமந்துவந்து அத்தாராள் முன்னால் கிடத்தினான். மூச்சு இல்லை என்று தெரிந்ததும் ஓடிவிட்டான்.

ஓடத்தான் வேண்டும். கை தவறிக் கொன்றாலும் செத்தவனின் நெருங்கிய உறவுக்காரன் இரத்தப்பழி வாங்கலாம். கேதேசு அடைக்கலப்பட்டணம். அதன் வாசலுக்குள் போய்விட்டால் பெரியவர்கள் விசாரிப்பார்கள், உயிர் தப்பலாம். வழியில் அகப்பட்டால் கேட்பாரில்லை. சக்கூரின் தம்பி கேரா அக்கரை மேட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆள் போயாயிற்று.

மத்தியானத்துக்குள் சக்கூரை அடக்கம் செய்தார்கள். தனியாக அழ இடம் தேடிச் செக்குக் குகைக்குள் நுழைந்த அத்தாராள், ஜாடிகளுக்குப் பின்னால் ஏலோன் சுருண்டு கிடப்பதைக் கண்டாள். கணுக்கால் பூசணியாக வீங்கியிருந்தது.

"இங்க எதுக்குடா வந்த? என் கண்ணு முன்னாடி நிக்க ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"கால் பெரண்டுபோச்சு அக்கா. ஓட முடியல." அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். "சத்தியமாச் சொல்றேன், கோடரித் தல ஆடுதான்னு கேட்டேன். ராத்திரி பூரா தண்ணியில ஊறியிருக்கு, கல்லு மாதிரி இருக்கும்னு அண்ணந்தான் சொன்னாரு."



கோடை வெயிலில் கோடரிக் காம்பு காய்ந்து சுருங்கித் தலை ஆடும்; தண்ணீரில் ஊறினால் உப்பி இறுகும். முந்தின இரவு சக்கூர் கோடரியை மாப்பிசையும் தொட்டியில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டிருந்தான். படுக்கப்போகும்போது அவள் அதை எடுத்துச் சுவரோரம் சாத்திவிட்டு, தொட்டியைக் கழுவி மாவு பிசைந்தாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். காலையில் மறந்துபோனாள். விடிந்தபிறகுதான் எடுத்துவைத்தாள் என்று சக்கூர் நினைத்திருப்பான். இவ்வளவுதான் நடந்தது. இவ்வளவுக்கு ஒரு மனிதன் செத்தான், இன்னொருவன் சாகப்போகிறான். இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

நேரே ஊர்வாசலுக்குப் போனாள்.

"ஏலோன கேதேசுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஏழு பேரும் சுத்தி நடந்தா கேரா கை வைக்க மாட்டான்."

மூத்தவர் கேமுவேல் தாடியைச் சொறிந்தார். "போகலாம்மா, போகக் கூடாதுன்னு யாரு சொன்னா? எனக்குத்தான் முழங்கால் வலி. அவன முன்னால போகச் சொல்லு, நாங்க பின்னாலயே வர்றோம்."

"விருந்துன்னா மட்டும் அந்த முழங்கால் வலிக்காதே, தாத்தா!"

யாரும் சிரிக்கவில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை.

கல்யாணமான புதிதில் ஒரு கிணற்று வழக்குக்காக அவளும் சக்கூரும் நான்கு நாள் நடந்து, எப்பிராயீம் மலையில் பேரீச்ச மரத்தடியில் நியாயம் கேட்கப் போனார்கள். அங்கே உட்கார்ந்திருந்த தெபொராள் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் சொன்ன வார்த்தை அத்தாராளுக்கு மறக்கவே இல்லை. "எதிராளி வீடு எனக்குத் தூரத்து உறவு. அத மொதல்ல தெரிஞ்சுக்கோங்க. அப்புறம் நான் சொல்றதக் கேக்கணுமா வேண்டாமான்னு பாருங்க." பிறகொரு காலம் தெபொராள் படைத்தலைவனைப் போருக்குப் போகச் சொன்னபோது, நீயும் வந்தால்தான் போவேன் என்று அவன் அடம்பிடிக்க, அந்த அம்மாள் தயங்காமல் எழுந்து கூடவே நடந்தாள் என்பது ஊரறிந்த கதை. நடந்து வந்து சேர்ந்ததும் இதே கேதேசுக்குத்தான்.

அத்தாராள் துக்கத்தில் கிழித்துவிட்ட ஆடையோடு குகைக்குத் திரும்பினாள். "எந்திரி. கையத் தோள்ல போடு. நானே கொண்டுபோய் விடுறேன்."

அவனைத் தொட உடம்பு கூசியது. அந்தக் கைதான் ஓங்கிய கை. ஆனாலும் நடந்தாள்.

பாதி வழியில் பின்னால் சரளை நொறுங்கும் சத்தம் கேட்டது. "திரும்பாத," என்றாள். சத்தம் கிட்டே வந்து, பத்தடி தள்ளி அவர்கள் நடைக்கே நடந்தது. கேராதான். மதனி ஒட்டி நடந்ததால் கை வைக்காமல் வந்தான். ஏசியிருந்தாலும் தேவலை. ஏலோனின் நெஞ்சு அடிப்பது அவள் விலாவில் இடித்தது.

கேதேசின் வாசல் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் ஏலோனின் கால் மடங்கியது. இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். கேரா வந்து நின்றான். கையில் ஆட்டுரோமம் ஒட்டிய கத்தி.

"மதனி, தள்ளு."

"மாட்டேன்."

"அண்ணன் மேல போட்ட மண்ணு இன்னும் காயல. நீ அவனக் கொன்னவனத் தோள்ல தூக்கிட்டு வர்ற. ஒனக்கு வெக்கமா இல்ல?"

இப்போது வாயை மூடிக்கொண்டால் அவள் ஊர் இரங்கும் விதவை. வாயைத் திறந்தால் என்ன ஆவாள் என்று அவளுக்கே தெரியாது. ஏலோன் மேல் படுத்தாற்போல் கிடந்து, நிமிர்ந்து பார்த்தாள்.

"கேரா, கோடரி ஊறல. தொட்டியிலருந்து நாந்தான் எடுத்தேன், மாவு பிசைய. எடுத்தத அவருகிட்ட சொல்லல. இவன் கேட்டிருக்கான், கோடரித் தல ஆடுதான்னு. ஊறியிருக்குன்னு ஒங்கண்ணன் நம்பிச் சொல்லியிருக்காரு. பழி வாங்கணும்னா எங்கிட்டருந்து ஆரம்பி."

கத்தி அப்படியே நின்றது.

"நீ சொல்லாட்டி யாருக்குத் தெரியும்?" என்றான் கேரா கடைசியில்.

"எனக்குத் தெரியுமே."

கேரா வழியிலேயே உட்கார்ந்தான். கத்தி மடியில் விழுந்தது. சின்னப்பிள்ளை போல வாய்விட்டு அலறினான். அவள் ஏலோனைத் தூக்கி, மீதித் தூரத்தை இழுத்தே கடந்து, வாசலில் விட்டாள். கேதேசின் பெரியவர்கள் அவள் யார் என்று கேட்டார்கள். செத்தவனின் மனைவி என்றாள். கோடரிக் கதையை அவர்களிடமும் ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள். ஏலோன் உள்ளே போனான்.

திரும்பும்போது கேரா அதே இடத்தில் இருந்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவன் அடிப்பானோ, இங்கேயே விட்டுவிட்டுப் போவானோ என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் தயாராகத்தான் வந்தாள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அவள் பக்கம் பார்க்காமலே சொன்னான்.

"வா மதனி, வீட்டுக்குப் போவோம். தொட்டியில மாவு புளிச்சுப் போயிருக்கும்."

காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.