விவரமறிந்த உள்ளூர் வட்டாரம்

என் அண்ணன் தேசப் பாதுகாப்பு நிபுணர். இதை எழுதும்போதே எனக்கு வாய் கோணுகிறது. எந்தக் கடலில் யாருடைய கப்பல் நிற்கிறது, எவன் எந்தப் பக்கமாக வந்து நம் நாட்டைப் பிடிக்கப்போகிறான் என்று டெல்லியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதுவது அவன் தொழில். நாங்கள் காட்டூரில் நெல் பயிரிடுகிற குடும்பம். சைக்கிள் மிதித்தால் பழவேற்காடு ஏரி. ஆனாலும் அவன் அதில் ஒருநாள் கால் நனைத்தவன் இல்லை. தண்ணீர் என்றால் சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பயம். கடற்படைகளைப் பற்றி மட்டும் மூன்று புத்தகம் எழுதினான்.

அவனுடைய கொள்கைகள் எல்லாமே கண்டிப்பான கொள்கைகள். வேலைநிறுத்தம் செய்கிறவர்களை உள்ளே போட வேண்டும். மாணவர்கள் ஊர்வலம் போனால் கல்லூரியை மூட வேண்டும். பயம் இருந்தால்தான் நாடு நடக்கும். ஒழுக்கம், கட்டுப்பாடு, தியாகம் என்ற மூன்று வார்த்தையும் இல்லாமல் அவன் ஒரு பக்கம் எழுதியதில்லை. வீட்டில் அவன் சாப்பிட்ட தட்டை அவன் எடுத்துப் போட்டதும் இல்லை. ஒரு சொம்புத் தண்ணீர் வேண்டுமென்றால்கூட உட்கார்ந்த இடத்திலிருந்து குரல் கொடுப்பான். நைனாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் அவன் கட்டுரை வந்த பத்திரிகைகளை எல்லாம் நான்காக மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு, நெல் வாங்க வருகிறவனிடம்கூடப் பிரித்துக் காட்டுவார்.

நான் பசியாவரத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பசியாவரம் ஏரிக்குள் ஒரு தீவு. காலையில் பழவேற்காடு வரை பஸ், அங்கிருந்து படகு. படகுக்காரர் அதே ஊர் மீனவர். காலையில் என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வலைக்குப் போய்விடுவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். எட்டு வருஷம் அவர் படகில்தான் போய்வந்தேன்.

எழுபதுகளின் கடைசியில், ஏரிக்கு வடக்கே தீவில் ராக்கெட் தளம் வந்து சில வருஷம் ஆன பிறகு, அண்ணன் லீவில் ஊருக்கு வந்தான். வந்த மறுநாளே என்னிடம், "நாளைக்கு உன்கூட நானும் வரேன். ஏரியைப் பாக்கணும்" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. எதையாவது சொன்னால் காதில் வாங்கியதும் இல்லை.

படகில் ஏறியதிலிருந்து பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். நடு ஏரிக்கு வந்ததும் மெல்லக் கண் திறந்து, சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தான்.

"இங்க ஆழம் எவ்வளவு இருக்கும்?" என்று படகுக்காரரைக் கேட்டான்.

"எதுக்கு சார்?"

"ஒரு சப்மரின் வர்ற அளவுக்கு இருக்குமா?"

படகுக்காரர் என்னைப் பார்த்தார். "தண்ணிக்கு அடியிலயே போற கப்பல்" என்று நான் சொன்னேன். அவர் கோலை ஊன்றிப் படகை நிறுத்திவிட்டு, பக்கவாட்டில் காலைப் போட்டு ஏரியில் இறங்கி நின்றார். தண்ணீர் அவர் தொடை வரைக்கும் வந்தது.

"இவ்ளோதான் சார். முழுகறதுன்னா உக்காந்தாதான் உண்டு."

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டான். பிறகு தூரத்தில் வரிசையாக நட்டிருந்த கழிகளைக் காட்டி, "அந்தக் கலர் துணியெல்லாம் என்னது?" என்றான்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். வகுப்பெடுக்கிற புத்தி. எந்த ஊர்க்காரர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று மீனவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்கிற முறைக்குப் பாடு என்று பெயர், கழி நட்டு அதில்தான் வலை கட்டுவார்கள், இது யாருடைய வலை என்று தெரியவும், அடுத்த படகு மோதிக் கிழித்துவிடாமலிருக்கவும் ஆளுக்கொரு நிறத்தில் பழைய புடவைத் துணியைக் கழியின் தலையில் கட்டிவிடுவார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். சிவப்பு யார், பச்சை யார் என்றுகூடச் சொன்னேன். அவன் தலையாட்டி எழுதிக்கொண்டே வந்தான். அண்ணனுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று பூரித்துப்போயிருந்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது.

சாயங்காலம் கரைக்குத் திரும்பியதும் பழவேற்காடு கடைத்தெருவில் பாய் கடைக்கு அழைத்துப்போனேன். நைனாவுக்கு அவர் முப்பது வருஷச் சிநேகிதர். ஒரு காலத்தில் கப்பல் வைத்து வியாபாரம் செய்த குடும்பம். அப்போது மிச்சமிருந்தது வலைநூலும் கயிறும் விற்கிற ஒரு கடைதான். அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்து டீ வரவழைத்தார். மகன் துபாயிலிருந்து அனுப்பிய டிரான்சிஸ்டரைக் காட்டி, "எல்லா ஊரும் எடுக்குது தம்பி, சிலோன் இன்னா, அரபி ஸ்டேசன் இன்னா" என்று திருகிக் காட்டினார். அண்ணன் அதையும் நன்றாகப் பார்த்துக்கொண்டான்.

மழைக்காலம் முடிந்து கட்டுரை வந்தது. களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நைனா பத்திரிகையைக் கொண்டுவந்து, "நம்ம ஏரியப் பத்தி எழுதியிருக்கானாம். படிச்சி சொல்லு" என்றார். வரி வரியாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். நாட்டின் ராக்கெட் தளத்துக்குப் பின்வாசல் ஒன்று பூட்டாமல் கிடக்கிறதாம். அதுதான் இந்த ஏரி. ஏரிக்குள் நிறம் நிறமாகக் கொடி கட்டிய கம்பங்கள் ஒரு திட்டத்தோடு நடப்பட்டிருக்கின்றனவாம். அவை படகுகளுக்கு வழிகாட்டும் சமிக்ஞைகளாக இருக்கலாம் என்று விவரமறிந்த உள்ளூர் வட்டாரம் தெரிவிக்கிறதாம். வெளிநாட்டுத் தொடர்பும் சக்திவாய்ந்த ரேடியோவும் வைத்திருக்கிற குடும்பங்கள் கரையில் இருக்கின்றனவாம். தொடையளவுத் தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை.

நான் நிறுத்திவிட்டேன்.

"நல்லா எழுதியிருக்கான்ல?" என்றார் நைனா.

"நைனா, பாயப் பத்தி எழுதியிருக்கான்."

"பேர் போட்டிருக்கானா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா?" என்று பத்திரிகையை வாங்கி மடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து இரண்டு ஜீப்பில் போலீசும் அதிகாரிகளும் வந்தார்கள். ஏரியில் இருந்த கழிகளை எல்லாம் பிடுங்கச் சொன்னார்கள். இறால் வந்து இறங்குகிற பருவம். வலையை அவிழ்க்கக்கூட அவகாசம் தரவில்லை, அறுத்துப் போட்டார்கள். மறு உத்தரவு வரும்வரை யாரும் கழி நடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். படகுக்காரரை இரண்டு நாள், காலையிலிருந்து சாயங்காலம் வரை, வைத்து விசாரித்தார்கள். மூன்றாம் நாள் எனக்குப் படகு விட வந்தார். பாதி தூரம் வந்தோம். பிறகு அவராகவே சொன்னார்.

"உக்காருன்னாங்க டீச்சர், எந்திரின்னாங்க. செவப்பு யாருக்கு சிக்னலுனு கேட்டாங்க. அது என் பொண்டாட்டி பொடவை சார்னேன். அப்போ அவளையும் இட்டுக்கினு வான்னாங்க."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. கட்டுரையை எழுதியது யாரென்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கண்டபடி திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பாயையும் ஒரு நாள் கூட்டிப்போனார்கள். டிரான்சிஸ்டர் போய்விட்டது. ஒரு வாரம் கடை திறக்கவில்லை. திறந்த அன்று போய் நின்றேன். நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "உங்க அண்ணன் இங்கதாம்மா டீ குடிச்சாரு. சக்கர பத்தலன்னு கேட்டு வாங்கிப் போட்டுக்கினாரு."

அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். நடந்ததை எல்லாம் எழுதி, கட்டுரை தவறு என்று அதே பத்திரிகையில் எழுதச் சொன்னேன். பதில் தட்டச்சில் வந்தது. தங்கைக்கு எழுதுகிற கடிதத்தைக்கூட யாரோ தட்டச்சு செய்திருந்தார்கள். தேச நலன் என்பது தனிமனித உணர்ச்சிகளைவிடப் பெரியது, எச்சரிக்கையாக இருந்ததற்காக எந்த நாடும் அழிந்ததில்லை, தன் கட்டுரையால் அரசு விழித்துக்கொண்டதற்கு நான் பெருமைப்பட வேண்டும் என்று இருந்தது. கடைசியில், நைனாவின் இருமல் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி.

அதன் பிறகுதான் எனக்கு நிஜமான கோபம் வந்தது. படகுக்காரரின் மனைவியையும் இன்னும் ஆறேழு பெண்களையும் கூட்டிக்கொண்டு, உத்தரவு போட்ட அதிகாரியைப் பார்க்கப் போனேன். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை உள்ளே விட்டார்கள். அதிகாரி கோப்பைத் திறந்தார். அதில் அண்ணனின் கட்டுரையை வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

"நாங்களா ஒண்ணும் செய்யலம்மா. விவரமறிந்த உள்ளூர் வட்டாரம்னு தெளிவா போட்டிருக்கே" என்றார்.

"அந்த வட்டாரம் நான்தான் சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எழுதினது எங்க அண்ணன். படகுல என்கூட வந்தான். வலை கிழியாம இருக்கத் துணி கட்டறாங்கன்னு நான்தான் சொன்னேன். சமிக்ஞைன்னு நான் சொல்லல."

படகுக்காரரின் மனைவி மடியில் கட்டிவந்த சிவப்புத் துணியை மேஜைமேல் விரித்தார். "பாருங்க சார், மஞ்சக் கறகூட போவல" என்றார்.

அதிகாரி துணியையும் கோப்பையும் மாறி மாறிப் பார்த்தார். போட்ட உத்தரவை ரத்து செய்ய முடியாது, வேண்டுமானால் திருத்தலாம் என்றார். வெகுநேரம் யோசித்து எழுதினார்: கழி நடலாம், நிறத் துணி கட்டக்கூடாது, வெள்ளைத் துணிக்கு ஆட்சேபணை இல்லை.

"வெள்ளத் துணிக்கு எங்க சார் போறது? எங்க ஆம்பளைங்க வேட்டி எப்ப வெள்ளயா இருந்திச்சி?" என்றார் அந்தம்மாள்.

ஜன்னல் பக்கம் இருந்த குமாஸ்தா சிரித்தார். அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

கழி திரும்ப நட்டபோது இறால் பருவம் போய்விட்டிருந்தது. எல்லாக் கழியிலும் ஒரே நிறம், யாருடையது எதுவென்று தெரியாமல் நாலைந்து சண்டை. அறுத்துப்போட்ட வலைகளுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. இரண்டு குடும்பங்கள் மூட்டை தூக்கப் பட்டணத்துக்குப் போயின. அந்த வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேரின் பெயரை வருகைப் பதிவேட்டில் கோடு போட்டு அடித்தது நான்தான்.

அண்ணன் வளர்ந்தான். அந்தக் கட்டுரைக்குப் பிறகு கடலோரம் என்றாலே அவனைத்தான் கூப்பிட்டார்கள். குழுக்களில் உறுப்பினர் ஆனான், வெளிநாடுகளில் போய்ப் பேசினான். நம் நாட்டு மக்களுக்கு ஆபத்தைப் பற்றிய உணர்வே இல்லை என்று எல்லா ஊரிலும் சொன்னான். எண்பதுகளில் பழவேற்காட்டுத் தோணிரேவில் பஞ்சாயத்து டி.வி. வைத்த புதிதில், ஒரு சாயங்காலம் ஆங்கில நிகழ்ச்சியில் அவன் முகம் வந்தது. நானும் அங்கே இருந்தேன், படகுக்காரரும் இருந்தார். கோட்டு போட்டுக்கொண்டு விரலை ஆட்டி ஆட்டிப் பேசினான்.

"இன்னா டீச்சர் சொல்றாரு?"

"கடலோரத்தப் பாதுகாக்கணுமாம்."

"யாருகிட்டருந்து?"

கேட்டுவிட்டு அவர் படகைப் பார்க்கப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த வருஷம் நைனா இறந்துபோனார். அண்ணன் அரசாங்கக் காரில், கூட ஓர் ஆளோடு வந்தான். பாய் மாலை கொண்டுவந்து போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். "யாரது?" என்று அண்ணன் என்னைக் கேட்டான். அவனுக்கு நிஜமாகவே நினைவில்லை. சொன்னேன். "ஓ" என்றான்.

காரியம் முடிந்த அன்று கொல்லைப்புறத்தில் அவனைத் தனியாகப் பிடித்தேன்.

"அந்தக் கட்டுரையில ஒரு சின்ன விவரம் தப்பா இருந்திருக்கலாம்" என்றான். "ஆனா முடிவு தப்பில்ல."

"ரெண்டு குடும்பம் ஊர விட்டே போச்சிணா."

"பெரிய விஷயத்துக்கு முன்னாடி இதெல்லாம் பாக்க முடியாது."

"பெரிய விஷயம் பெரிய விஷயம்னு சொல்றியே, அதுல என்னிக்காவது உனக்கு ஏதாவது நஷ்டம் வந்திருக்கா?"

"நீ உணர்ச்சிவசப்படற" என்றான். முப்பது வருஷமாக வாதத்தில் தோற்கும்போதெல்லாம் அவன் சொல்வது இதைத்தான்.

"படகுக்காரர் வெளிய உக்காந்திருக்காரு. மன்னிப்பெல்லாம் கேக்க வேணாம். எப்படி இருக்கீங்கன்னு ஒரு வார்த்த கேட்டுட்டுப் போ."

யோசித்தான். முகம் கழுவிக்கொண்டு வெளியே போனான். அந்த நிமிஷம், வெட்கக்கேடு, நான் அவனை நம்பினேன். பின்னாலேயே போனேன். படகுக்காரர் எழுந்து நின்றார். அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"ராத்திரியில இப்பல்லாம் வெளியாளுங்க போட் ஏதாவது வருதா?"

"தெரியாது சார்."

"புதுசா யாராவது ஊர்ல வந்து தங்கறாங்களா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்று படகுக்காரர் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என்னிடம் தலையசைத்துவிட்டுப் புறப்பட்டார்.

அண்ணன் அன்று மத்தியானமே கிளம்பினான். சில மாதங்கள் கழித்து, கரையோர மக்கள் அதிகாரிகளுடன் ஒத்துழைப்பதில்லை, இது கவலைக்குரியது என்று அவன் எழுதியிருப்பதாகத் தலைமையாசிரியர் என்னிடம் சொன்னார். அந்தப் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாம் வகுப்புக்குப் போனேன்.